அமலோற்பவத்தின் கட்டி ம் கொட்டிய கதை

தூத்துக்குடியில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும் சிப்பிக்காரச் சந்தில், பிளவுஸ் தைக்கிற அமலோற்பவத்தைப் போல வாயைக் கட்டிவைத்திருந்த பெண் வேறு ஒருத்தியும் கிடையாது. யாருக்கு மார்புச் சுற்றளவு கூடியிருக்கிறது, யாருக்குக் கொஞ்ச நாளாகவே இடுப்பு இறுக்குகிறது, யார் கையை முழங்கை வரைக்கும் இறக்கித் தைக்கச் சொல்கிறாள், அப்படி இறக்கினால் எந்தக் கன்றிப்போன இடம் மறையும் என்பதெல்லாம் அவளுடைய இஞ்ச் டேப்புக்குத் தெரியும். ஆனால் டேப்பைச் சுருட்டி மேஜை டிராயருக்குள் போடும்போது அத்தனையையும் சேர்த்துப் போட்டு மூடிவிடுவாள். வாசல் பெஞ்சில் காத்திருக்கும் பெண்கள் ஊர்க்கதை பேச ஆரம்பித்தால் தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள். இன்னும் பேசினால் இன்னும் வேகமாக மிதிப்பாள். பேசுகிறவள் தொண்டை வறண்டு போகும்வரை மிதிப்பாள். அப்பேர்ப்பட்டவளின் வயிற்றுக்குள், ஊர்க்கதை கேட்காமல் ஒரு பொழுது தரித்திருக்க முடியாத ஒன்று வந்து குடியேறியதைச் சந்தில் யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. பொருத்தமில்லாத இடத்தில் குடிவந்துவிட்டது, பாவம், என்றுதான் சொன்னார்கள். பாவம் என்று சொன்னது அவளையா அதையா என்பது சொன்னவர்களுக்கே வெளிச்சம்.

முதலில் அது வெறும் வயிற்றுவலியாகத்தான் வந்தது. ஓமத்தண்ணீர் குடித்தாள், சீரகம் மென்றாள், மாதா கோவில் எண்ணெயைத் தடவிப் பார்த்தாள். கடைசியில் புருஷன் ராயப்பன், விசைப்படகு இஞ்சின் பழுதுபார்க்கிறவன், இஞ்சினில் வேண்டாத சத்தம் கேட்டால் உடனே பிரித்துப் பார்த்துவிட வேண்டும் என்று நம்புகிறவன், அவளைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் வகிதா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"கட்டிம்மா. கேன்சர்தான். பெரிய ரத்தக்குழாயக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு, அதனால வெட்டி எடுக்க முடியாது. மாத்திரை இருக்கு, தினமும் சாப்பிடணும்."

"எவ்வளவு நாளைக்கும்மா?" என்றான் ராயப்பன்.

"சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும். சர்க்கரைக்காரங்க சாப்பிடுற மாதிரி. இது ஒடனே கொன்னு போடுற வகை இல்ல, விட்டுட்டு ஓடிப்போற வகையும் இல்ல. கூடவே இருக்கும். நீங்களும் அதோட இருக்கப் பழகிக்கணும்."

டாக்டர் இவ்வளவு சொன்னதில் சந்தின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான். அந்த வார்த்தை விழுந்த அன்றைக்கே சந்து முழுக்கச் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் கண்ணீருமாக அவள் வீட்டுக்குள் நுழைந்தது. கட்டிலைச் சுற்றி நின்று அழுதார்கள். எப்போதோ பேசியதற்கு மன்னிப்புக் கேட்டார்கள். பாதி தைத்த பிளவுஸ்களை, இருக்கட்டும் அமலி, நீ ஓய்வெடு என்று சொல்லி மெதுவாக உருவிக்கொண்டு போனார்கள். ஒருத்தி தையல் மெஷினைத் தடவிப் பார்த்து, நல்ல மெஷின், பிற்பாடு இது யாருக்கு என்று கேட்டு, பக்கத்தில் நின்றவளிடம் இடுப்பில் கிள்ளு வாங்கினாள். அமலோற்பவம் மாத்திரையை விழுங்கினாள்.

அப்புறம் அவள் சாகவில்லை. காலையில் கண்ணைத் திறக்க முடியாமல் முகம் வீங்கியது, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் குமட்டியது, ஒரு கை தைத்து முடித்ததும் மெஷின்மேலேயே தலையைச் சாய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனாலும் ஈஸ்டர் பாஸ்கு வந்தது, இருந்தாள். மாதா திருவிழா வந்தது, இருந்தாள். கிறிஸ்மஸ் வந்தது, கேக்குக்கு முந்திரி உடைத்துக்கொண்டிருந்தாள். அழுதுவிட்டுப் போனவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. சாகவும் செய்யாமல் குணமாகவும் செய்யாமல் ஒருத்தி நடமாடினால் அவளிடம் என்ன பேசுவது என்று சந்துக்குத் தெரியவில்லை. "இன்னும் சரியாகலையா?" என்று கேட்டவர்கள், அடுத்த தடவை "இன்னும்..." என்று ஆரம்பித்துவிட்டு, அதற்குமேல் என்ன சொல்ல வந்தோம் என்று பயந்து எதிர்ச்சாரிக்குப் போனார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் முற்பகலில், மீன்கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, தைத்த பிளவுஸை வாங்க வந்த கனியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மேலக் கடைசி வீட்டுக்குப் புதுசா ஒரு பேங்குக்காரன் வந்திருக்கான்லா, கல்யாணம் ஆகாதவன். அவன் தெனமும் ரெண்டு பாக்கெட் பாலு வாங்குதானாம். ஒத்த ஆளுக்கு எதுக்குட்டி ரெண்டு பாக்கெட்டு?"

"ம்?" என்றது அமலோற்பவத்தின் வயிறு.

மெஷின் நின்றது. பெஞ்சு நின்றது. கூடையில் கிடந்த சாளை மீன்கூட ஒரு நிமிஷம் நாற்றமடிப்பதை நிறுத்தியது போலிருந்தது.

"யாருட்டி அது?" என்றாள் கனியம்மாள். பிறகு, தராசுத்தட்டு சரியாக நிற்கிறதா என்று பார்க்கிறவளைப் போல, மறுபடியும் ஒருமுறை மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு பாக்கெட் பாலு."

"ம்ம்," என்றது. தெளிவாக, அடக்கமாக, மேலே சொல் என்கிற பாவனையில்.

கனியம்மாள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து அமலோற்பவத்தின் வயிற்றுக்கு நேராகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "ஒன்ன மாதிரி இல்ல அமலி, இதுக்கு நல்லாக் கேக்கத் தெரியுது," என்றாள். பேங்குக்காரன் வாசலில் காயும் துணி, அவன் வீட்டு ரேடியோ பாடும் நேரம், ஜன்னலில் தெரிந்த ஒரு நிழல் என்று அவளிடம் இருந்ததையெல்லாம் கொட்டினாள். கட்டி ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டியது. அமலோற்பவத்துக்கு அவமானத்தில் காது சிவந்தது. ஆனால் ஒன்றை அவள் கவனிக்காமல் இல்லை: விடிந்ததிலிருந்து ஈரச் சாக்குமூட்டையைப் போல அடிவயிற்றை இழுத்துக்கொண்டிருந்த பாரம், கதை நடந்துகொண்டிருந்த நேரம் முழுக்கச் சும்மா கிடந்தது. பேசி முடித்துக் கனியம்மாள் கூடையைத் தூக்கியதும் மறுபடி இழுத்தது.

அன்றிலிருந்து சந்துக்கு அமலோற்பவத்திடம் என்ன பேசுவது என்ற கஷ்டம் தீர்ந்தது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் போகிறபோக்கில் ஜன்னலில் தலையை நீட்டி ஒரு வரி சொல்லிவிட்டுப் போனார்கள். மத்தியானம் சாப்பிட்டு முடித்த பெண்கள் விரிவாகச் சொன்னார்கள். சாயங்காலம் ஆண்கள், எங்களுக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை என்ற முகத்தோடு வந்து, பெண்களைவிட விரிவாகச் சொன்னார்கள். கட்டியின் குணமும் போகப்போகப் பிடிபட்டது. டிவி சீரியலை வைத்தால் மௌனமாக இருந்தது. ஜெபமாலை சொன்னால் தூங்கிவிட்டது. யாராவது கையிலிருந்து சரக்குச் சேர்த்துச் சொன்னால், "ம்ம்ம்..." என்று இழுத்துச் சந்தேகப்பட்டது, அதற்குப் பிறகும் நிறுத்தாவிட்டால் அமலோற்பவத்துக்கு ஒரு குத்து விழும், அவள் முகம் சுளிப்பதைப் பார்த்துப் பொய் சொன்னவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

பங்குச் சாமியாருக்குச் செய்தி போனது. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கூட்டம் குறைந்து, தையல்காரி வீட்டில் கூட்டம் கூடியிருப்பதை அவர் ஏற்கெனவே கவனித்திருந்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, "பொறணி பேசுறது பாவம். ஆனா ஒரு நோயாளிக்கு அது ஆறுதலா இருக்குன்னா, அளவோட தரலாம்," என்று தீர்ப்புச் சொன்னார். சொல்லிவிட்டுப் போகாமல், வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குனிந்து மெல்லிய குரலில் பக்கத்துப் பங்குச் சாமியாரைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொன்னார். "ம்!" என்று கட்டி போட்ட சத்தத்தில் தெருநாய் எழுந்து நின்றது.

டாக்டர் வகிதா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இது நான் படிச்சதுல இல்ல. ஆனா வலி கொறையுதுன்னா தாராளமாப் பேசட்டும். ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன், மாத்திரைய ஒருநாள் கூட விடக்கூடாது. பேச்சு மாத்திரைக்குப் பதில் கெடையாது."

"விடமாட்டேம்மா," என்றாள் அமலோற்பவம்.

டாக்டர் நர்சை ஏதோ வேலையாக வெளியே அனுப்பிவிட்டு, ஸ்கேன் ரூமில் வேலை பார்க்கிற இரண்டு பேரைப் பற்றிக் கட்டியிடம் சுருக்கமாகச் சொன்னார்.

அடுத்து எடுத்த ஸ்கேனில் கட்டி அப்படியே இருந்தது. அதற்கடுத்ததிலும் அப்படியே. டாக்டர் மாத்திரை என்றார்; சந்து நாங்கள்தான் என்றது; அமலோற்பவம் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். ஆனால் உள்ளுக்குள் அவளுக்கு ஒரு எரிச்சல் இருந்துகொண்டே இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் "அது எப்படி இருக்கு? நல்லாத் தூங்குச்சா?" என்றுதான் கேட்டார்கள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நா எப்படி இருக்கேன்னு ஒருத்தியாவது கேக்கியளாட்டி?" என்று கத்தரிக்கோலை மேஜையில் அடித்துக் கேட்டேவிட்டாள். கனியம்மாள், "நீ எங்க சொல்லப்போற? அதுவாவது ம்முன்னுது," என்றாள். அமலோற்பவத்துக்குக் கோபமாக வந்து, பாதியில் சிரிப்பாக மாறிவிட்டது.

சந்தில் வராதவள் ஒரே ஒருத்திதான். அது ராயப்பனின் அக்காள் சலேத்தம்மாள். ஒட்டினாற்போல் அடுத்த வீடு, நடுவில் ஆள் மட்டத்துக்கு ஒரு சுவர். சந்திலேயே அதிகமாகவும் சுத்தமாகவும் ஊர்க்கதை வைத்திருந்தவள் அவள்தான். ஆனால் மாமியார் செத்த நாளிலிருந்து நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. திருவிழாச் சப்பரத்துக்குப் பின்னால் நடக்கும்போதுகூட ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். அதற்காகச் சலேத்தம்மாள் சும்மா இருந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. தினமும் சாயங்காலம் சுவரோரத்தில் கோழிகளுக்கு அரிசி இறைக்க வருவாள். வந்து, அன்றைக்குக் கிடைத்த சேதிகளையெல்லாம் ஒரு பொட்டைக்கோழியைப் பார்த்து, துறைமுகத்துக்கே கேட்கிற குரலில் சொல்லுவாள். கோழிக்கு எதற்கு இவ்வளவு சத்தம் என்று யாரும் கேட்கவில்லை. அந்த நேரத்துக்கு அமலோற்பவமும் காற்றுக்கு உட்காருகிறவளைப் போல நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொள்வாள். சுவருக்கு அந்தப் பக்கம் கோழி கேட்டது, இந்தப் பக்கம் கட்டி கேட்டது.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எது நடந்தாலும் சாயங்காலத்துக்குள் அது அமலோற்பவத்தின் வயிற்றுக்குப் போய்விடும் என்று ஆனபிறகு, சந்தில் எதுவும் நடக்காமல் போக ஆரம்பித்தது. குடிக்கிறவர்கள் குறைத்துக்கொண்டார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் ஜாடையிலேயே முடிந்தன. கடைக்காரன் எடை சரியாகப் போட்டான். மாமியார்கள் மருமகள்களிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். பேங்குக்காரனின் இரண்டாவது பாக்கெட் பால் ஒரு தாய்ப்பூனைக்கும் அதன் குட்டிகளுக்கும் போவது தெரியவந்தபோது சந்தே மனம் உடைந்துபோனது. தெரு திருந்திவிட்டது. கோவிலில் இதற்காக நன்றிப் பூசை வைத்த பங்குச் சாமியாருக்கே, வைத்து முடித்ததும் கவலை வந்துவிட்டது.

கனியம்மாள் தன் புருஷனைக் கூப்பிட்டு, "நாலு நாளைக்கு எங்கயாவது ஓடிப்போய்யா, அமலிக்குச் சொல்ல ஒண்ணுமே இல்ல," என்று கெஞ்சினாள். அவன் காயல்பட்டினம் வரைக்கும் ஓடி, பசிக்கிறது என்று சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பி வந்தான். அதைச் சொன்னபோது கட்டி ஒரு ம் போட்டது. இரக்கத்தில் போட்டதாகத்தான் தெரிந்தது.

அப்புறம் அதுவும் இல்லை. யார் வந்து எதைச் சொன்னாலும் வயிறு ஊமையாக இருந்தது. பாரம் மட்டும் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இழுத்தது. ஸ்கேன் எடுத்தபோது டாக்டர் வகிதா படத்தை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார்.

"கொஞ்சம் வளந்திருக்கு. பயப்பட வேண்டாம், மாத்திரையக் கூட்டித் தரேன். உடம்பு ரொம்ப அசதியா இருக்கும், பொறுத்துக்கணும்," என்றார். அன்று அவர் யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

கூட்டின மாத்திரை அமலோற்பவத்தைக் கட்டிலில் போட்டது. மெஷினுக்குத் துணி போர்த்தி மூடினார்கள். ஒரு மத்தியானம் ராயப்பன் வேலைக்குப் போகாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கதை சொல்ல வராது. ஒரு இஞ்சினில் பிஸ்டன் இறுகிக்கொண்டதையும் அதைக் கழற்றினதையும் சொன்னான். வயிறு அசையவில்லை. புது நாசில் மாட்டினதைச் சொன்னான். அவளே கண்ணை மூடிக்கொண்டாள்.

"அமலி, எதாவது சொல்லேன்," என்றான். "எனக்குப் பயமா இருக்குட்டி."

"என்னத்தச் சொல்ல? எனக்கும்தான் பயமா இருக்கு," என்றாள் அவள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி அவன் கேட்டதில்லை.

"எங்கம்மா கெடந்தப்பவும் இப்படித்தான் பக்கத்துல உக்காந்திருந்தேன். ஒண்ணும் பேசத் தெரியல. அவ வந்துட்டாளா, அவ வந்துட்டாளான்னு கேட்டா. கேட்டுக்கிட்டே..."

"ம்ம்?" என்றது கட்டி.

இரண்டு பேரும் வயிற்றைப் பார்த்தார்கள். "ம்ம்?" என்று அது மறுபடியும் கேட்டது, பசியோடு எழுந்து உட்கார்ந்த மாதிரி.

விஷயம் இதுதான். ராயப்பனின் தாய் சாகக் கிடந்தபோது சலேத்தம்மாள் மணப்பாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். சேதி கேட்டு ஓடிவந்துகொண்டிருந்தாள். அமலோற்பவம் பின்கட்டில் கிழவிக்குக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். கிழவி, "அவ வந்துட்டாளா?" என்று கேட்டாள், கண்ணை மூடினாள். பக்கத்தில் இருந்தது ராயப்பன் ஒருத்தன்தான். அந்த 'அவ' யார் என்பதில்தான் தகராறு. என்னைத்தான் தேடினாள் எங்கம்மா என்று சலேத்தம்மாள் நெஞ்சில் அறைந்து அழுதபோது, அதுவரைக்கும் யாரிடமும் வாய் திறக்காத அமலோற்பவம் சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னாலும் வாய் திறந்தாள்: "பக்கத்துல இருந்து பீ மூத்திரம் அள்ளுனது நானு. என்னத்தான் கேட்டாக." அதோடு சரி. அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் சுவர் மட்டும்தான்.

ராயப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். என்ன சொன்னானோ, கொஞ்ச நேரத்தில் சலேத்தம்மாள் தலைமுடியை அள்ளிச் செருகியபடி வந்தாள். நாற்காலியை எடுத்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"நா யார்கிட்டயும் பேச வரல. அதுகிட்டப் பேச வந்திருக்கேன்," என்றாள் சுவரைப் பார்த்து. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள். "கேட்டுக்கோ. நா எங்கம்மாவுக்கு மூத்த பொண்ணு. எனக்குக் காய்ச்சல்னா அவ சோறு திங்கமாட்டா. நா மணப்பாட்டுல பந்தியில உக்காந்திருக்கேன், எலையில சோறு விழுது, எனக்குத் தொண்டையில எறங்கல. ஏன்னு கேளு."

"ம்ம்?"

"அவ அந்த நேரத்துல என்னத் தேடியிருக்கா. வேற யாரத் தேடுவா?"

"ம்."

அமலோற்பவம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு, தலையணையிலிருந்து தலையைத் தூக்காமல், தன் வயிற்றைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"அவுககிட்டச் சொல்லு. மகளக் கேக்குறதா இருந்தா 'சலேத்து வந்துட்டாளா'ன்னு பேரச் சொல்லித்தான் கேப்பாக. அவ, இவன்னு சொல்லுறது மருமகள மட்டுந்தான். என்னைக்கு எங்கத்த என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாக?"

"ம்ம்!" என்றது கட்டி. நல்ல வாதம் என்று மெச்சுவது போலிருந்தது.

சலேத்தம்மாள் நாற்காலியை அரைவட்டம் திருப்பினாள். "அதுகிட்டச் சொல்லுதேன். மருமக பின்கட்டுலதான் இருக்கா, கஞ்சி வாசம் வீடு பூரா அடிக்குது. வீட்டுக்குள்ள இருக்கவள வந்துட்டாளான்னு யாராவது கேப்பாகளா?"

"ம்ம்ம்..."

"கஞ்சி கொண்டு வந்துட்டாளான்னு கேட்டிருப்பாக!" என்றாள் அமலோற்பவம், எழுந்து உட்கார்ந்து.

சாயங்காலத்துக்குள் விஷயம் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து நாற்காலிகள் போடப்பட்டன. சந்து இரண்டாகப் பிரிந்தது, மகள் கட்சி, மருமகள் கட்சி. மகள் கட்சிக்காரர்கள் மருமகள் கட்சிக்காரர்களின் கடையில் சீனி வாங்கவில்லை. ஒருவாரம் கழித்துக் கனியம்மாள் மூன்றாவது கட்சி ஒன்றை ஆரம்பித்தாள்: அன்றைக்குக் கிழவி நெத்திலி கேட்டிருந்தாள், கொண்டு வருகிறேன் என்று தான் வாக்குக் கொடுத்திருந்தாள், ஆகவே கேட்டது தன்னைத்தான். இதைச் சொன்னதற்காக மகளும் மருமகளும் முதல்முறையாக ஒன்றுசேர்ந்து அவளை ஏசினார்கள். பங்குச் சாமியார், சாகும் தறுவாயில் இருப்பவர்கள் மாதாவைத்தான் கேட்பார்கள் என்று ஒரு பிரசங்கத்தில் குறிப்பாகச் சொல்லிப் பார்த்தார். யாரும் அந்தக் கட்சியில் சேரவில்லை. தெரு மறுபடியும் பழைய தெருவாகிக் கெட்டுப்போனது. கட்டி மூச்சுவிட நேரமில்லாமல் ம் கொட்டியது. அமலோற்பவம் மாத்திரையை விழுங்கிவிட்டு, தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு வாதாட உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக டிராயருக்குள் போட்டு மூடிய பேச்செல்லாம் அவளிடம் அழுக்குப்படாமல் அப்படியே இருந்தது.

ஒருநாள் காலையில் அவளுக்கு உடம்பு மிகவும் முடியவில்லை. மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் திரும்பி வந்தது. ராயப்பன் வேலைக்குப் போயிருந்தான். சத்தம் கேட்டுச் சலேத்தம்மாள் கோழியைக் கையிலிருந்து போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஒரு கையால் வாந்திக்குப் பேசின் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். முடிந்தபிறகு முகத்தைத் துடைத்தாள், சேலையில் பட்டதைத் துடைத்தாள், தரையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டிருக்கும்போதே கை நின்றது.

"இப்படித்தானட்டி நீ எங்கம்மாவுக்குப் பிடிச்ச," என்றாள். இந்தத் தடவை வயிற்றைப் பார்த்துச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "தெனமும் பிடிச்சிருக்க. நா விருந்தாளி மாதிரி வந்து பாத்துட்டுப் போயிருக்கேன். எனக்கு அப்பவே தெரியும். அவ ஒன்னத்தான் கேட்டிருக்கா அமலி. ஒன்னத்தான்."

அமலோற்பவத்துக்குக் கண் நிறைந்தது. இந்த வார்த்தைக்காக அவள் எத்தனையோ பிளவுஸ்களுக்கு மேல் குனிந்து காத்திருந்திருக்கிறாள். சலேத்தம்மாளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடு அமைதியாக இருந்தது. வெளியே கோழி கொத்துகிற சத்தம் கேட்டது. அந்த அமைதி கொஞ்சம் அதிகமாகவே நீண்டபிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது: கட்டி ம் சொல்லவில்லை.

சலேத்தம்மாளின் முகம் வெளிறியது. "ஏட்டி," என்றாள் மெல்ல. "நம்ம சண்ட முடிஞ்சு போச்சோ?"

அமலோற்பவம் அவளையே பார்த்தாள். வெயிலில் கறுத்த முகம், அவசரத்தில் பாதி அவிழ்ந்த கொண்டை, மூக்கு அப்படியே மாமியாரின் மூக்கு. மணப்பாட்டிலிருந்து பஸ் கிடைக்காமல், மீன் லாரியில் நின்றுகொண்டே வந்து, சாவு வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் விழுந்த உருவம் நினைவுக்கு வந்தது.

"இல்ல மைனி," என்றாள். "நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். அத்த ஒங்களத்தான் கேட்டாக."

கட்டிக்காகச் சொன்னாளா, மனசறிந்து சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. சொன்னபிறகு அது உண்மை போலத்தான் இருந்தது.

சலேத்தம்மாள் பேசினை நங்கென்று தரையில் வைத்தாள். "நா சொல்லுதேன் ஒன்னத்தான்னு! இத்தன வருசம் கழிச்சு ஒருத்தி எறங்கி வந்து சொன்னா, அதுக்கும் எதுத்துப் பேசுதியே! பெத்த மகளுக்குத் தெரியாதா அவ யாரக் கேட்டான்னு?"

"நீங்க அந்நேரம் பந்தியில இருந்திய. நா வீட்டுல இருந்தேன். எனக்குத்தான் தெரியும். ஒங்களத்தான்."

"ஒன்னத்தான்டி!"

"ம்ம்?" என்றது கட்டி.

அன்று மத்தியானத்துக்குள் சந்தில் எல்லாரும் கட்சி மாறவேண்டி வந்தது. மகள் கட்சிக்காரர்கள், கிழவி கேட்டது மருமகளைத்தான் என்று மகளே சொல்லிவிட்டதால் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் சீனிக்கடை வாசலில் நின்றார்கள். கனியம்மாள் மட்டும் தன் கட்சியில் உறுதியாக இருந்தாள்.

அடுத்த ஸ்கேனுக்கு ராயப்பன், அமலோற்பவம், சலேத்தம்மாள் மூன்று பேருமாகத் திருநெல்வேலிக்குப் போனார்கள். டாக்டர் வகிதா படத்தைப் பார்த்தார், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நின்னுருச்சு. அதுக்கு மேல வளரல," என்றார். "கொறையவும் இல்ல. அதே மாத்திரையத் தொடரலாம்." வேறொரு நாளாக இருந்தால் கொறையவும் இல்லை என்பது அமலோற்பவத்தின் காதில் முதலில் விழுந்திருக்கும். அன்றைக்கு அவளுக்கு அவசரமாக இருந்தது, வாசலில் மைனி ஒரு புது வாதத்தோடு காத்திருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். பெண்கள் இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்தார்கள், ராயப்பன் பின்சீட்டில் கடலைப் பொட்டலத்தோடு உட்கார்ந்தான். பாளையங்கோட்டை தாண்டுவதற்குள் பேச்சு சூடாகிவிட்டது. வல்லநாடு வரும்போது பக்கத்து சீட்டுக்காரர்கள் கலந்துகொண்டார்கள். ஜன்னலோரத்தில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்தி, மகளாகத்தான் இருக்கும் என்றாள். வேட்டிக்காரர் ஒருவர், செத்துப்போன தன் அக்காள் கதையைச் சொல்லி, மருமகள்தான் என்றார். வயிற்றிலிருந்து வந்த ம்களைக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் எத்தனையோ சத்தம். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கம்பியைப் பிடித்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"அது சரிக்கா," என்றான் கடைசியில். "பக்கத்துல யாருமே இல்லியா? அந்தம்மா கேட்டத யாராவது காதால கேட்டிருப்பாங்கள்ல?"

"நா இருந்தேன்," என்றான் ராயப்பன் பின்னாலிருந்து. "எங்கம்மா தெளிவாத்தான் கேட்டா. அவ கேட்டது—"

முன்சீட்டிலிருந்து இரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

"லேய், வாய மூடு," என்றாள் அக்காள்.

"கடலையத் தின்னுங்க," என்றாள் பெண்டாட்டி.

ராயப்பன் இருவரையும் பார்த்தான். பொட்டலத்திலிருந்து ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, மெல்ல மெல்ல மென்றான். அமலோற்பவம் நிம்மதியாக முன்னால் திரும்பி, வயிற்றின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மைனியின் தோளில் ஒரு விரலால் தட்டினாள்.

"அதெல்லாம் கெடக்கட்டும் மைனி, அன்னைக்கு அத்த சொன்னது 'வந்துட்டாளா'வா, 'வந்துட்டாளே'யா?"